தீவகத்து இல்லங்களிற் செபமும் சிரிப்பும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் கத்தோலிக்க சமய வாழ்வை ஆராயப் புகுந்தோர் பெரும்பாலும் கோவில்களையும் குருமாரையும் நாட்டுக்கூத்துக்களையுமே கருத்திற்கொண்டனர். அவை கண்ணுக்குத் தெரிவன, ஏட்டில் எழுதத்தக்கன. ஆயின் அச்சமயம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த இடம் கோவில் மட்டுமன்று. 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர். கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் 1687 இல் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மேய்ப்பரின்றிக் கழிந்தன. அக்காலத்திற் பிறந்த பெண்ணொருத்தி குருவானவர் ஒருவரையும் காணாமலே வளர்ந்து, மணமுடித்து, தன் பிள்ளைக்கும் செபஞ் சொல்லிக் கொடுத்திருப்பாள். வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலம் பூண்டு, கழுத்திற் செபமாலையை அணிந்து வீடு வீடாகச் சென்றார் என்பர். அம்மாலையைக் கண்டதும் எவருடைய முகம் மாறுகின்றதென நோக்கியே அவர் தம் மக்களை அடையாளங் கண்டார். முகம் மாறுவதற்கு அங்கே ஆள் இருந்தமைக்குக் காரணர், அடுப்படியிற் செபஞ் சொல்லிய தாய்மாரேயாவர்.

அத்தாய்மார் பிள்ளைகளை எவ்வாறு செபத்துக்கு இருத்தினர், பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு யாது விடை கூறினர், எவ்விடத்திற் சிரிப்பை அடக்க முடியாமற் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினர் என்பனவற்றை எவரும் எழுதிவைக்கவில்லை. இன்றைய வீடொன்றைப் பார்த்தே அவற்றை ஊகித்தறிதல் வேண்டும்.

அத்தகைய வீடொன்று ஊர்காவற்றுறைப் பங்கில் உண்டு. தகப்பனார் கடற்றொழிலாளர். தாயார் வீட்டு வேலையோடு தையல் வேலையும் செய்பவர். தாயாரின் தாயாரும் உடன் இருக்கிறார். பிள்ளைகள் மூவர்: பத்து வயதான மூத்தவள், ஏழு வயதுப் பையன், நான்கு வயது நிரம்பாத கடைக்குட்டிப் பெண். 1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது இத்தாயாருக்கு வயது ஏழு. பல ஆண்டுகளின் பின் குடும்பத்தார் மீண்டு வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. கிணற்றைப் பற்றை மூடியிருந்தது. சுவரிலிருந்த திருக்குடும்பப் படம் போய்விட்டது. அது தொங்கிய ஆணி மட்டும் எஞ்சியிருந்தது. அந்த ஆணியிலேயே இப்போதைய படமும் தொங்குகின்றது. அதற்கருகே பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனின் நிழற்படம். அவன் தாயாரின் தமையன். அந்த ஆகஸ்ட் மாதத்திற் காணாமற் போனவன், இன்றுவரை வரவில்லை.

மாலையிற் கோவிலின் திரிகால மணி ஒலித்ததும் அம்மம்மா பாயை விரிப்பார். ஐம்பத்துமூன்று மணிச் செபம் தொடங்கும். மூத்தவள் சம்மணங்கட்டி நேராக இருப்பாள். தான் நேராக இருப்பதைப் பிறர் கவனிக்கிறார்களா என்று அரைக்கண்ணாற் பார்ப்பாள். பையன் இரண்டாங் காரணிக்கத்தில் தூங்கி விழுவான். கடைக்குட்டி சுவரிலுள்ள பல்லிகளை எண்ணுவாள். தகப்பனார் தொழிலுக்குப் போகாத நாள்களில் அவரே முதலில் தூங்குவதும் உண்டு. அதனைப் பிள்ளைகள் உரத்த குரலில் அறிவிப்பர்.

செபமாலை முடியத் தேவமாதாவின் பிரார்த்தனை. தாயார் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, ஏனையோர் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று மறுமொழி கூறுவர். ஒருநாள் கடைக்குட்டி மறுமொழியோடு நிற்காமல், "பலூனும்" என்று சேர்த்தாள். அடுத்த பெயருக்கு, "ஐஸ்கிறீமும்." மூன்றாவதற்கு, "அண்ணாவுக்கு ஒண்டும் வேண்டாம்." தாயார் செபத்தை நிறுத்தி விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. யாழ்ப்பாணத்தவர் கடையிற் பொருள் வாங்குதலை வேண்டுதல் என்பர். 'கடையிலை என்ன வேண்டினனீங்கள்?' என்பது அவ்வீட்டில் நாள்தோறும் வழங்கும் வினா. ஆகவே, மாதா தினமும் பின்னேரம் கடைக்குப் போகிறார் என்றும், 'எங்களுக்காகவும் வேண்டிக்கொண்டு வாரும்' என்று எல்லாருமாகச் சேர்ந்து சொல்லி விடுகிறார்கள் என்றும் அக்குழந்தை விளங்கியிருந்தது. என்ன வேண்ட வேண்டுமென்பதை எவரும் சொல்லாமல் விடுகிறார்களே என்ற கவலையினாலேயே அவள் பட்டியல் கொடுத்தாள்.

அன்று பிரார்த்தனை முடியவில்லை. தாயார் சிரித்த சிரிப்பில் விளக்கும் அணைந்தது. அம்மம்மா மட்டும், "அவள் சொன்னதிலை என்ன பிழை? நாங்கள் மட்டும் என்ன கேக்கிறம்?" என்றார். சிந்திக்குமிடத்து அம்முதியவரின் கூற்றை மறுத்தல் எளிதன்று. பெரியோர் ஐம்பது ஆண்டுகளாக ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லி அதன் பொருளைத் தேய்த்துவிடுகின்றனர். பிள்ளை அச்சொல்லை முதன்முறை கேட்டவுடன் முழுதாக நம்பிவிடுகின்றது. நம்பியபடி நடக்கவும் தொடங்குகின்றது. கிறித்தவ வீடுகளிற் பிள்ளை வளர்ப்போர் காணும் வேடிக்கைகளுட் பெரும்பாலானவை இங்கிருந்தே பிறக்கின்றன. வேடிக்கை அல்லாதனவும் இங்கிருந்தே பிறக்கின்றன.

இது இக்காலப் பிள்ளைகளின் குறும்பன்று. அம்மம்மாவின் காலஞ்சென்ற கணவர் சிறுவனாகப் பூசைக்கு உதவி செய்த காலத்தில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) கூடியிருக்கவில்லை. பூசை இலத்தீனிலேயே நடந்தது. சிறுவர் பொருளறியாமல் மறுமொழிகளை மனனஞ் செய்தனர். குருவானவர் வாழ்த்துக் கூறும்போது சொல்ல வேண்டிய மறுமொழி, தமிழ்ச் செவிக்கு 'எட்டு' என்று தொடங்குவதுபோற் கேட்கும். அச்சிறுவனும் ஒவ்வொரு முறையும் 'எட்டு' என்றே தொடங்கினான். நெடுநாள் பொறுத்திருந்து ஒருநாள் உபதேசியாரிடம், "ஐயா, எப்பவும் எட்டிலையே நிக்கிறம், ஒன்பது எப்ப வரும்?" என்று கேட்டு, காதைத் திருகுவித்துக்கொண்டான். இக்கதையை அம்மம்மா ஆண்டுதோறும் நத்தார்ச் சாப்பாட்டின்போது சொல்வார். பிள்ளைகளும் முதன்முறை கேட்பவர்போலவே சிரிப்பர்.

தமிழைப் பக்தியின் மொழியென உலகுக்கு எடுத்துரைத்த சேவியர் தனிநாயகம் அடிகளார் 1913 இல் பிறந்தது இவ்வூரை அடுத்த கரம்பொனிலாகும். அவர் சிறுவராயிருந்த காலத்திற் கோவிலிற் பூசை இலத்தீனில் நடந்தது. வீட்டிற் செபம் தமிழில் நடந்தது. பின்னாளில் உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளைக் கூட்டிய அவ்வறிஞர், பக்தியின் மொழி எதுவென்பதை முதன்முதல் எப்பாயிலிருந்து கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

தபசுகாலம் வந்தால் வேறொரு சிக்கல் எழும். திருச்சபை வெள்ளிக்கிழமைகளில் விலக்கச் சொல்வது மாமிசத்தை. கொழும்பிலோ கண்டியிலோ அது ஓர் ஒறுத்தலாகலாம். நாள்தோறும் மீன் உண்ணும் தீவகத்து வீட்டில், மாமிசம் ஆண்டுக்குச் சில நாள்களே சமைக்கப்படும் வீட்டில், மீன் உண்டு நோன்பிருத்தல் எத்தகைய தியாகம்? இவ்வினாவை எழுப்பியவர் இறையியலாளர் எவருமல்லர், அந்தப் பையன். "அம்மா, இண்டைக்கு விளைமீன் குழம்பு. நேற்றும் விளைமீன் குழம்பு. ஆண்டவருக்கு நாங்கள் என்ன குடுத்தனாங்கள்?" தாயாரிடம் விடை இருக்கவில்லை. ஆகவே, ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான ஒன்றை நாற்பது நாள்களுக்கு விடுதல் வேண்டுமென வீட்டில் ஒரு சட்டம் பிறந்தது. மூத்தவள் தொலைக்காட்சியில் ஒரு தொடரை விட்டாள். அம்மம்மா வெற்றிலையை விட்டார். மூன்றாம் நாள் தலையிடியோடு படுத்தார். பையன் நீண்ட நேரம் ஆலோசித்துவிட்டு, தான் பாவற்காயை விடுவதாக அறிவித்தான்.

"உனக்குப் பாவற்காய் விருப்பமில்லையே?"

"விருப்பமில்லாததை விடக்கூடாதெண்டு பைபிளிலை இருக்கோ?"

அந்த ஆண்டு அவன் பாவற்காயை நாற்பது நாளும் உண்ணவில்லை. உயிர்த்த ஞாயிற்றுக்குப் பின்னரும் அந்தத் தவத்தைக் கைவிடவில்லை. அவன் செய்தது ஏமாற்று என்பதில் ஐயமில்லை. எனினும் தபசுகாலத்தில் இறைச்சியை விட்டு நண்டும் இறாலும் சமைக்கும் பெரிய வீடுகளையும் நினைவிற்கொண்டால் அவனை மாத்திரம் குறை கூறுதல் நீதியாகாது.

யோசேப் வாஸ் அடிகளார் 2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் நாள் கொழும்பிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களாற் புனிதராக உயர்த்தப்பட்டார். அவரது வரலாறு ஞாயிறு மறைப்பள்ளியிற் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகின்றது. அது பிள்ளைகளுக்கென்றே அமைந்ததுபோன்ற வரலாறு. மாறுவேடம், ஒளிந்திருத்தல், துரத்தும் படைவீரர் எல்லாம் அதில் உண்டு. மறைப்பள்ளியிலிருந்து வந்த அன்றே வீட்டு முற்றத்தில் அது விளையாட்டாயிற்று. பையன் அடிகளார், அம்மம்மாவின் செபமாலை அவன் கழுத்தில். மூத்தவள் ஒல்லாந்தப் படைத்தலைவி. ஊர்காவற்றுறைக் கரையில் நின்றால் கடலின் நடுவே ஒல்லாந்தர் ஹமன்ஹீல் எனப் பெயரிட்ட கடற்கோட்டை தெரியும். அக்கோட்டையைத் தன் வீடென்று காட்டி அவள் அதிகாரம் செலுத்தினாள். கடைக்குட்டிக்குக் கொடுக்கப்பட்ட பாத்திரம் மறைந்து வாழும் கத்தோலிக்க மக்கள்.

அடிகளார் கிடுகு வேலியை அண்டிய கோழிக்கூட்டினுள் ஒளித்தார். படைத்தலைவி மறைந்து வாழும் மக்களை விசாரித்தாள்: "சுவாமி எங்கை?" மக்கள் சிறிதும் தயங்காமற் கோழிக்கூட்டைக் காட்டினர். அடிகளார் கூட்டுக்குள் இருந்தபடி, "காட்டிக் குடுக்கக் கூடாது! நீ வேதத்துக்காகச் சாகவேணும்!" என்று கத்தினார். "நான் சாகமாட்டன், எனக்குப் பசிக்குது" என்றனர் மக்கள். அடைகாத்திருந்த கோழி அடிகளாரின் காதைக் கொத்தியதுடன் அன்றைய துன்புறுத்தல் காலம் முடிவுற்றது. முட்டைகள் ஆறு உடைந்தன. தகப்பனார் வந்து விசாரித்தபோது, மூவரும் ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்காமல் நின்றதை மாத்திரம் இங்கே குறிப்பிடலாம். அடிகளாரின் வரலாற்றிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டதும் அதுவேயாகலாம்.

தீவகத்திற் கத்தோலிக்கப் பிள்ளைகள் தனித்து வளர்வதில்லை. அயல் வீட்டார் சைவர். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் மகோற்சவம் நடக்கும் நாள்களிற் குறிகட்டுவான் இறங்குதுறை நிரம்பி வழியும். அயல் வீட்டு ஆச்சியோடு கடைக்குட்டியும் ஒருமுறை படகேறிப் போனாள். அம்மன் சந்நிதியில் ஆச்சி கைகூப்பி நிற்க, கடைக்குட்டி தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தாள்: நெற்றி, நெஞ்சு, இரு தோள்களெனப் பெரிதாகச் சிலுவை அடையாளம் வரைந்து, முழந்தாளிட்டு, "பிதா சுதன்" என்று உரக்கத் தொடங்கினாள். சுற்றி நின்றோர் திரும்பிப் பார்த்தனர். ஆச்சி நாணவுமில்லை, தடுக்கவுமில்லை. "அவளுக்குத் தெரிஞ்சதை அவள் சொல்லட்டும், அம்மாளுக்கு விளங்கும்" என்றார். வீட்டுக்கு வந்து இதனைச் சொன்னபோது கத்தோலிக்க அம்மம்மாவும் சைவ ஆச்சியும் வேலியின் இருபுறமும் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தனர். சமயங்களின் ஒருமைப்பாடு பற்றி மேடைகளிற் பேசப்படுவனவற்றைக் காட்டிலும் அந்த வேலியடிச் சிரிப்பு மேலானது.

நத்தார் காலத்திற் பாலன் குடில் கட்டுவது பிள்ளைகளின் உரிமை. பனையோலைக் கூரை, கடற்கரை மணல், சிப்பி ஓடுகள். கழுதை உருவம் உடைந்துபோன ஓராண்டில், நெடுந்தீவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவ்வூர்க் கட்டைக் குதிரை போன்றதொரு மரப்பொம்மையைக் கொடுத்தார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிற் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் நெடுந்தீவு வெளியிற் கட்டின்றித் திரிவதைப் பிள்ளைகள் கண்டிருக்கின்றனர். ஆகவே, மாதாவும் சூசையப்பரும் நெடுந்தீவுக் குதிரையிலேயே பெத்லகேம் போயினர் என்பது அவ்வீட்டில் உறுதியாயிற்று. கதை வளர்ந்தது. ஏரோது அரசன் பச்சைக் குழந்தைகளை வெட்டச் சொன்னான். திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடியது. "நெடுந்தீவிலையிருந்து எகிப்துக்குக் குதிரையிலை போகேலாது. கடல் இருக்கு. அவை குமுதினியிலைதான் போயிருப்பினம்" என்றான் பையன்.

குமுதினி என்பது நெடுந்தீவு மக்கள் பயணஞ் செய்யும் படகு. 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அப்படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிற் சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோருட் குழந்தைகளும் இருந்தனர். பையனுக்கு அது தெரியாது. நெடுந்தீவு உறவினர் குடிலின் முன் இருந்தவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். தாயார் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் ஒரு தீப்பெட்டியை எடுத்து, ஓரங்களை மடித்துப் படகு செய்து, பையனிடங் கொடுத்தார். அந்த நத்தார்க் குடிலில் வைக்கோலுக்கு அருகே நீலக் கடதாசிக் கடலும், அதில் ஒரு படகும் இருந்தன. பார்க்க வந்தோரிற் சிலர் இது என்ன புதுமையென்று கேட்டனர். சிலர் கேட்கவில்லை.

பையன் முதல் நன்மைக்கு ஆயத்தமான ஆண்டில் நிகழ்ந்தது வேறு வகையானது. முதல் நன்மைக்கு முன் முதற் பாவசங்கீர்த்தனம். பத்துக் கற்பனைகளையும் ஒவ்வொன்றாக நினைத்து ஆத்தும சோதனை செய்யுமாறு மறைப்பள்ளியிற் கற்பித்தனர். அவன் பாடசாலைக் கொப்பியின் கடைசித் தாளில் இலக்கமிட்டு எழுதினான். துணி மடிக்கும்போது காற்சட்டைப் பையில் அத்தாள் தாயாரின் கையிற் சிக்கியது. படிப்பது முறையன்று என்று அறிந்துகொண்டே அவர் படித்தார். ஐந்தாங் கற்பனைக்கு நேரே, 'கொலை: நுளம்பு, நிறைய' என்றிருந்தது. ஆறாங் கற்பனைக்கு அவன் அக்காளிடம் விளக்கங் கேட்டிருக்கிறான். அவள் அது பெரிய ஆக்களுக்குரியது என்றிருக்கிறாள். ஆகவே, 'இன்னும் வரேல்லை' என்று எழுதியிருந்தான். தனக்குப் பாவங்கள் போதாவென்று எண்ணி அக்காளின் பாவங்களிலும் இரண்டை இரவல் வாங்கியிருந்தான். அடைப்புக்குறிக்குள் 'அக்கா' என்று நேர்மையாகக் குறித்துமிருந்தான்.

தாயார் வாய்விட்டுச் சிரித்தபடி கடைசி வரிக்கு வந்தார். 'அப்பா கடலிலை நிக்கேக்கை செபமாலையிலை நித்திரை கொண்டது. ஏழு தரம். ஒருக்காக் காத்து வந்தது.'

அவ்வரியின் வரலாறு இதுதான். வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு மாலை, பையன் தூங்கி விழுந்தபோது அம்மம்மா, "இப்பிடி நித்திரை கொண்டால் கொப்பர் எப்பிடிக் கரை சேருவார்?" என்று பகிடியாகச் சொல்லியிருந்தார். சொன்னவர் மறந்துவிட்டார், கேட்டவன் மறக்கவில்லை. தகப்பனாரின் உயிர் தன் கண்ணிமைகளில் தொங்குகின்றதென அவன் நம்பினான். அவர் தொழிலுக்குப் போன ஒவ்வோர் இரவும் விழித்திருக்க முயன்றான். ஏழு வயதுப் பிள்ளையாதலின் ஒவ்வொரு முறையும் தோற்றான். ஒருமுறை காற்றெழும்பித் தகப்பனார் விடிந்தபின்னரே வந்தார். அன்று அவன் பாடசாலைக்குப் போகமாட்டேனென்று அழுததை, வீட்டார் வயிற்றுவலி என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்திருந்தனர்.

பிள்ளையைச் செபத்துக்கு இருத்துவதற்குப் பயத்தைக் கோலாக எடுப்பது எல்லாச் சமயத்து வீடுகளிலும் உள்ள வழக்கம். அந்தக் கோல் எவ்விடத்தில் அடிக்கிறது என்பதை ஓங்கியவர் அறிவதில்லை. அம்மம்மாவிடம் அத்தாளைக் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்" என்றார். பின் அன்று முழுவதும் எவரோடும் கதைக்கவில்லை.

தகப்பனார் அதிகம் பேசாதவர். மறுநாள் விடியப் பையனைத் துறைக்குக் கூட்டிச் சென்று படகில் ஏற்றினார். இயந்திரத்தைக் காட்டினார், அதனை இயக்கி நிறுத்திக் காட்டினார். மேலதிக எண்ணெய்க் கலனையும், கைவிளக்கையும், மிதவைச் சட்டையையும் ஒவ்வொன்றாக அவன் கையில் எடுத்துக் கொடுத்தார். "இது பழுதானால் இது. இது பழுதானால் பக்கத்து வள்ளக்காரர். எல்லாத்துக்கும் மேலை மாதா. நீ இந்தக் கணக்கிலை இல்லை, ராசா. நீ நித்திரை கொள்ளு." பையன் யோசித்துவிட்டு, "மாதா நித்திரை கொள்ளமாட்டாவோ?" என்று கேட்டான். "கொம்மா நித்திரை கொண்டதை நீ கண்டிருக்கிறியோ?" என்றார் தகப்பனார். அவன் கண்டதில்லை, ஆகவே திருப்தியடைந்தான். அன்று மாலை செபமாலையில் முதலாங் காரணிக்கத்திலேயே தூங்கினான். எவரும் எழுப்பவில்லை. பாவசங்கீர்த்தனத்திற் குருவானவரிடம் யாது சொன்னானென்பது தெரியாது. ஆயின் கூண்டினுள்ளிருந்து சிரிப்பொலி கேட்டதாக வரிசையில் நின்ற பிள்ளைகள் கூறினர். நுளம்பாக இருக்கலாம்.

இறுதியாகக் கச்சதீவுப் பயணம். 1974 இல் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கையினாற் பெயர் பெற்ற அத்தீவிற் குடிகள் இல்லை; குடிநீரும் இல்லை. அங்குள்ளது புனித அந்தோனியார் கோவில். போர்க்காலத்திற் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்த திருவிழா மீண்டும் நடைபெறுகின்றது. 2016 இற் புதிய கோவிலும் எழுப்பப்பட்டது. தபசுகாலத்தையொட்டி மாசி, பங்குனியில் யாழ்ப்பாணத்துப் படகுகளும் இராமேசுவரத்துப் படகுகளும் அங்கே கூடும். ஓரிரவு மணலில் தங்கி, மறுநாட் பூசை கண்டு மீள்வர்.

பிள்ளைகளை முதன்முறை அங்கே கூட்டிச் சென்றபோது பையன் தகப்பனாரிடம் கேள்விகளை அடுக்கினான். அந்தோனியார் எந்த ஊர்? போர்த்துக்கல்லிற் பிறந்து இத்தாலியில் இறந்தவர். அப்படியானால் இங்கே என்ன செய்கிறார்? "கடலிலை துலைஞ்சவையைத் தேடுறார்." தேடினாற் கிடைக்குமோ? "கிடைக்கும்." இவ்விடை பையனுக்குப் புதிதன்று. வீட்டில் ஊசி தொலைந்தாலும் திறப்புத் தொலைந்தாலும் அம்மம்மா அந்தோனியாரையே கூப்பிடுவார். அவனுடைய அழிறப்பர் இருமுறை அவ்வாறு கிடைத்திருக்கிறது. ஒருமுறை ஆட்டின் வாயிலிருந்து, பாதி. காணாமற் போனவற்றைத் தேடித்தருபவர் அந்தோனியார் என்பதில் அவனுக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஐயம் வேறிடத்தில் இருந்தது.

இரவு மணலிற் பாய் விரித்துச் செபமாலை சொல்லி முடித்தபின் அவன் கேட்டான்: "அம்மம்மா, அழிறப்பருக்கெல்லாம் கேக்கிறியள். மாமாவுக்கு ஏன் கேக்கேல்லை?"

வீட்டுச் சுவரில் இருக்கும் அந்த இளைஞன் அவனுக்கு மாமா. அம்மம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனையே கேட்டு வந்திருக்கிறார். கோவில்களிற் கேட்டார். முகாம்களிற் கேட்டார். விசாரணைக் குழுக்களின் முன் நிழற்படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு படிவம் கொடுத்தது. ஆயின் பிள்ளைகள் முன்னிலையில் அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. விடை வராத செபமொன்றைப் பிள்ளைகள் காதிற் போடலாகாதென அவர் கருதியிருந்தார்போலும். தாயார் பையனை அதட்ட வாயெடுத்தார். அம்மம்மா கையை உயர்த்தி மறித்து, "அவன் கேக்கட்டும்" என்றார்.

பையன் கோவில் இருந்த திசைக்குத் திரும்பி முழந்தாளிட்டான். மூத்தவளும் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டாள். இராமேசுவரத்திலிருந்து வந்து அயலிற் பாய் விரித்திருந்த பெண்ணொருத்தியும், யாதெனக் கேளாமலே, எழுந்து தலையில் முக்காடிட்டாள். அவன் மாமாவின் முழுப்பெயரையும் சொன்னான், ஊரைச் சொன்னான், பங்கைச் சொன்னான். அந்தோனியார் வேறு நாட்டவராதலின், 'யாழ்ப்பாணம், இலங்கை' என்றும் சேர்த்தான். பின்னர், ஏதோ நினைவு வந்தவன்போல அம்மம்மாவின் பக்கந் திரும்பி, மாமாவுக்கு இப்போது எத்தனை வயதென்று கேட்டான். அவர் விரல்களை மடக்கி எண்ணி, ஐம்பதைத் தாண்டியிருக்குமென்றார். பையன் மீண்டும் கோவிலை நோக்கினான்.

"அந்தோனியாரே, எங்கடை வீட்டிலை இருக்கிற படத்தைப் பாத்துத் தேடாதையும். அது பழைய படம். மாமாவுக்கு இப்ப தலை நரைச்சிருக்கும்."

கடைக்குட்டி மட்டும் நித்திரையாகியிருந்தாள். அம்மம்மா செபமாலையை மீண்டும் கையில் எடுத்து முதல் மணியிலிருந்து தொடங்கினார். அயற்பாய்ப் பெண்ணும் சேர்ந்து சொன்னாள்.